ரோட்டாக்ஸ் 912 முரண்டு பிடிக்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதுக்கு

ஜெனித் சிஎச் 750, வேன்ஸ் ஆர்வி-12 போன்ற விமானங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டுக் கராஜிலேயே பூட்டி முடிப்பவர்கள் பலரும் மூக்கில் மாட்டுவது ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஹனில் தயாராகும் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின். 1352 சிசி, நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறன். இரண்டு பிங் 64 கார்புரேட்டர், சிலிண்டருக்கு இரண்டு பிளக், ப்ரொப்பெல்லருக்கு முன்னால் 2.43-க்கு 1 கியர்பாக்ஸ். கீழே உள்ள எல்லா அளவுகளும் யூஎல்எஸ்-க்கு உரியவை. 80 குதிரைத்திறன் யூஎல்-க்குச் சில எல்லைகள் வேறு. உங்கள் எஞ்சின் எண்ணுக்கான கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரைத் தொடுமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் தேடல் பாதியாகக் குறையும். இந்த எஞ்சினில் பெட்ரோல் பிரியும் விதம் வேறு, தீப்பொறி பிரியும் விதம் வேறு. 1, 3 சிலிண்டர்கள் ஒரு பக்கம், அவற்றுக்கு ஒரு கார்புரேட்டர். 2, 4 எதிர்ப்பக்கம், அவற்றுக்கு மற்றது. இக்னிஷனோ குறுக்கே ஓடுகிறது: ஏ சர்க்யூட் 1, 2-இன் மேல் பிளக்குகளையும் 3, 4-இன் கீழ் பிளக்குகளையும் எரிக்கும், மீதி நான்கும் பி சர்க்யூட்டுக்கு. ஆகவே ஒரே பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து திணறினால் கார்புரேட்டரைப் பாருங்கள். ஒரு சர்க்யூட்டை அணைக்கும்போது மட்டும் திணறினால் இக்னிஷனைப் பாருங்கள். நான்கும் சேர்ந்து சோர்ந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான டேங்க், ஃபில்டர், பம்ப், காற்றுப்பெட்டி ஆகியவற்றுக்குப் போங்கள்.

இக்னிஷனுக்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் காயிலே அதற்கு மின்சாரம் கொடுக்கிறது. சுவிட்சை அணைப்பது என்றால் அந்தச் சர்க்யூட்டை எர்த் செய்வது, அவ்வளவுதான். அந்த வயர் அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தும் ப்ரொப்பெல்லர் கையை எடுத்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் எந்தச் சோதனைக்கும் சக்கரத்துக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு, இருக்கையில் த்ரோட்டிலும் பிரேக்கும் தெரிந்த ஒருவர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் சுற்றும் வேகம். கிராங்க் நிமிடத்துக்கு 220 சுற்றைத் தொடாதவரை தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டியான இக்னிஷன் மாட்யூல் தீப்பொறியே தராது. கியர்பாக்ஸைக் கழித்தால் ப்ரொப்பெல்லரில் அது நிமிடத்துக்குச் சுமார் 90 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்றரை. போனில் வீடியோ எடுத்து இறக்கைகளை எண்ணினாலே தெரிந்துவிடும். மூன்று இறக்கை என்றால் நொடிக்கு நாலரை இறக்கையாவது கடக்க வேண்டும். அதற்குக் கீழே சுற்றினால் பிளக்கைக் கழற்றுவதும் கார்புரேட்டரைப் பிரிப்பதும் வீண்.

மெதுவாகச் சுற்றுவதற்கு பேட்டரியை மட்டும் பழிக்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் தொங்குவதால், அதற்கு எர்த் தருவது ஒரே ஒரு பட்டை வயர்தான். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டையின் முனையைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள். புதிதாகக் கட்டிய விமானங்களில் இதுதான் அதிகம். பவுடர் கோட்டிங் மேலேயே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள்.

வேகம் சரியென்றால் அடுத்து த்ரோட்டில். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது த்ரோட்டில் முழுக்க மூடியிருக்க வேண்டும். பிங் கார்புரேட்டரில் சோக் என்று நாம் சொல்வது உண்மையில் காற்றை அடைக்கும் தகடல்ல, பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கும் ஒரு தனி வழி. த்ரோட்டில் மூடியிருக்கும்போது பின்னால் உண்டாகும் உறிஞ்சலில்தான் அது வேலை செய்யும். 'கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிடிக்கும்' என்ற பைக் பழக்கம் இங்கே எதிராகத் திரும்பும். சோக் கேபிள் இரண்டு பக்கமும் முழுதாக இழுபடுகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் இரண்டு சிலிண்டரில் இருமிக்கொண்டு எழும்.

செல்ஃபை 10 நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம். அடித்தால் 2 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான எஞ்சினுக்கு சோக் வேண்டாம், த்ரோட்டில் சற்றே திறந்திருக்கட்டும். சுற்றும்போது 'டக்'கென்று பின்னால் உதைத்தால் நிறுத்திவிட்டு பேட்டரியை சார்ஜ் செய்யுங்கள். சோர்ந்த பேட்டரியோடு பிடிவாதமாக அடிப்பவர்கள் கடைசியில் செல்ஃபின் ஒருவழி கிளட்சை மாற்ற ஃபிளைவீலைக் கழற்ற வேண்டிவரும்.

ஐட்லிங்கில் உடம்பெல்லாம் ஆடுகிறது

912 வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. வேகத்தை மெல்ல ஏற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 2500 சுற்று வரை ஆடி, 3000 தாண்டியதும் பட்டுப்போல ஓடினால் இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். த்ரோட்டில் மயிரிழை திறந்திருக்கும்போது அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பெரிது. பாதி திறந்தபின் அதே அரை மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. எல்லா வேகத்திலும் ஆடினால் சிங்க் (இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போக வைப்பது) பண்ணப் போகாதீர்கள், வேறு பழுது இருக்கிறது. ஐட்லிங் வேகத்தையும் பாருங்கள். 1400 என்பது கீழ் எல்லை. அதில் நிறுத்தினால் கியர்பாக்ஸ் கடகடக்கும். 1700, 1800-இல் வைப்பதே நல்லது.

சிங்க் இரண்டு கட்டம். முதலில் எஞ்சின் நின்றபடி: கேபிள்களைத் தளர்த்தி, ஐட்லிங் திருகு லீவரைத் தொட்டும் தொடாத நிலைக்கு வந்தபின் ஒன்றரைச் சுற்று உள்ளே. கலவைத் திருகை மென்மையாக அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பிறகு த்ரோட்டிலை முழுதாகத் தள்ளினால் இரண்டு லீவரும் ஒரே கணத்தில் முழுத்திறப்பைத் தொட வேண்டும். ஒன்று முந்தினால் கேபிள் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது எஞ்சின் ஓடும்போது, இரண்டு வேக்யூம் கேஜ் வைத்து. இரண்டு இன்டேக்கையும் இணைக்கும் சமன்குழாயைக் கழற்றி, அந்த முனைகளில் கேஜை மாட்ட வேண்டும். குழாய் இருந்தபடியே அளந்தால் அது வித்தியாசத்தைத் தானே மறைத்துவிடும். கேஜ் இரண்டும் சமமாகக் காட்டும், எஞ்சின் ஆடிக்கொண்டே இருக்கும். ஆயில் சூடான பிறகு, ஐட்லிங்கில் திருகாலும் 2500-இல் கேபிளாலும் சமப்படுத்துங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது சற்று நகரும், ஆகவே இரண்டு மூன்று முறை மாறி மாறிப் பார்க்க வேண்டிவரும். ப்ரொப்பெல்லர் உங்கள் தோளிலிருந்து ஒரு கை தூரத்தில் சுற்றுகிறது என்பதை ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்ளுங்கள். திருகுவது எஞ்சின் நின்றபின், அளப்பது ஓடும்போது என்று பிரித்துக்கொண்டால் நேரம் கூடும், ஆபத்து குறையும்.

சிங்க் நேற்றுச் சரியாக இருந்தது, இன்று இல்லை என்றால் கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் சாக்கெட்டைப் பாருங்கள். ரப்பரும் உலோகமும் ஒட்டும் இடத்தில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், வெடிப்பு விடும். கார்புரேட்டரைக் கையால் அழுத்தி வளைத்தால்தான் கண்ணில் படும். வெடிப்பு வழியே காற்று புகுந்து அந்தப் பக்கத்துக் கலவை நீர்த்துப்போகும். கிளாம்பை மூச்சுமுட்ட இறுக்குவதே பலமுறை காரணம். கிளாம்பின் இரண்டு காதுகளுக்கு நடுவே சுமார் 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இந்தச் சாக்கெட், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ரம், பெட்ரோல், ஆயில், கூலன்ட் ஹோஸ்கள் எல்லாவற்றுக்கும் ஆயுள் 5 வருடம். விமானம் பறக்காமல் நின்றிருந்தாலும் அதேதான்.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வடிகிறது, ஒரு பக்கத்துப் பிளக்குகள் கரியாக இருக்கின்றன

மிதவையைச் சந்தேகியுங்கள். பிங் 64-இல் ஒவ்வொரு கிண்ணத்திலும் தனித்தனியாக இரண்டு மிதவை. சில மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போகும். கனத்த மிதவை தாழ்ந்து மிதப்பதால் ஊசிவால்வு நேரத்துக்கு மூடாது, கிண்ணத்தில் மட்டம் ஏறும், அந்தப் பக்கத்து இரண்டு சிலிண்டரும் அளவுக்கு மீறிக் குடிக்கும்.

கம்பி வளையத்தை விலக்கினால் கிண்ணம் கையோடு வரும். மிதவைகளை எடுத்துத் துடைத்ததும் எடை போடுங்கள். ஜோடி 7 கிராமைத் தாண்டக் கூடாது. சமையலறைத் தராசு இதற்கு உதவாது. பத்தில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். வெயிலில் காயவைத்துவிட்டு மறுநாள் நிறுத்தால் உறிஞ்சியது ஆவியாகி, பழுதான மிதவைகூடத் தேர்ச்சி பெற்றுவிடும்.

எடை சரியாக இருந்தால் ஊசிவால்வின் இருக்கையில் தூசு. அண்மையில் ஹோஸ் மாற்றினீர்களா? மழுங்கிய கத்தியால் வெட்டியபோதோ, குறுகிய முனையில் திணித்தபோதோ ரப்பர் சுருள் ஒன்று உதிர்ந்து, ஃபில்டருக்குப் பின்னாலேயே பிறந்து, நேராக ஊசிக்கு வந்துவிடும். அதுவும் இல்லையென்றால் அழுத்தம். பழைய வகைப் பம்புக்கு 0.4 பார் மேல் எல்லை. பெரிய மின்பம்பை மாட்டியவர்கள் அதைத் தாண்டித் தள்ளுவதுண்டு. எஞ்சினை நிறுத்தி, மின்பம்பை மட்டும் 2 நிமிடம் ஓடவிட்டு, கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் சொட்டுத்தட்டின் வடிகுழாயைப் பாருங்கள். சொட்டக் கூடாது. வடிவது எக்ஸாஸ்ட்டுக்கு மேலே என்பதால், 'பிறகு பார்க்கலாம்' என்று பறக்கக் கூடிய பழுதல்ல இது.

4000-இல் இக்னிஷன் சோதனை தவறுகிறது

ஒரு சர்க்யூட்டை அணைத்து மற்றதில் மட்டும் ஓடும்போது வேகம் 300 சுற்றுக்கு மேல் விழக் கூடாது. இரண்டு சர்க்யூட்டுக்கும் இடையே 115-க்கு மேல் வித்தியாசம் கூடாது. அதிகம் விழுந்தால், பழுதான சர்க்யூட்டிலேயே 2000-இல் ஒரு நிமிடம் ஓட்டி, அதே சர்க்யூட்டில் அணைத்துவிடுங்கள். உடனே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு எக்ஸாஸ்ட் வளைவுகளையும் தொடாமல் அளங்கள். ஆறிக் கிடப்பதே தீ பிடிக்காத சிலிண்டர்.

ஒரு சிலிண்டர் மட்டும் ஆறியிருந்தால் பிளக் அல்லது அதன் தொப்பி. என்ஜிகே டிசிபிஆர்8இ பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பழுது கூடவே போனால் பிளக், அங்கேயே தங்கினால் தொப்பி. தொப்பி வயரில் திருகிச் சேர்வது, அதிர்வில் தளர்ந்துவிடும். ஜோடியாக 1, 2 அல்லது 3, 4 ஆறியிருந்தால் பிளக்கை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு காயிலும் இரண்டு பிளக்குக்குத் தீ தருகிறது, சுழற்சியை உணர்ந்து தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் ஒவ்வொரு பிக்அப்பும் அப்படி ஒரு ஜோடியைத்தான் பார்க்கிறது. கனெக்டர்களைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். பிறகு இரண்டு மாட்யூலின் இணைப்புகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பழுது எந்தப் பக்கம் தாவுகிறது என்று பாருங்கள். சூடானபின் மட்டும் வரும் பழுது என்றால் மாட்யூல் இருக்கும் இடத்தின் வெப்பத்தை அளக்க வேண்டும்; 80 டிகிரிதான் அதன் எல்லை.

ஒரு சர்க்யூட்டை அணைத்தும் வேகம் கொஞ்சமும் விழவில்லையா? சிலர் இதை எஞ்சினின் ஆரோக்கியம் என்று மகிழ்வார்கள். அணைத்த சர்க்யூட் அணையவே இல்லை என்பதே அதன் பொருள். எர்த் வயரைச் சரிசெய்யும்வரை ப்ரொப்பெல்லரைக் கையால் தொட வேண்டாம்.

முழு த்ரோட்டிலில் பலம் இல்லை, ஐட்லிங் நன்றாக இருக்கிறது

ஒரு பக்கத்து எக்ஸாஸ்ட் வெப்பம் மறுபக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த டயாஃப்ரத்தில் ஊசித்துளை. வெற்றிடம் நிற்காததால் உள்ளே இருக்கும் பிஸ்டன் முழுதாக உயராது. மூடியைத் திறந்து டயாஃப்ரத்தை விளக்கொளிக்கு நேரே விரித்துப் பிடியுங்கள்.

பெட்ரோல் அழுத்தம் ஆடுகிறது, விழுகிறது

0.15 பாருக்குக் கீழே போனால் பறக்கக் கூடாது. வெயிலில் இறங்கி, அரைமணி நிறுத்தி, மறுபடி எழுப்பும்போது மட்டும் ஆடினால் பெட்ரோல் ஹோஸுக்குள்ளேயே கொதிக்கிறது. கார் பெட்ரோலில் இது அதிகம். குளிர்காலத்துக்கென்று கலந்த பெட்ரோல் டேங்கில் மிஞ்சியிருந்தால் இன்னும் அதிகம். ஆவியைத் திருப்பி அனுப்பத்தான் டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் குழாய், அதில் 0.35 மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பு. அந்தத் துளை ஒரு தூசியில் அடைபடும். அடைபட்டால் ஆவிக்கு வழியில்லை. தடுப்பையே எடுத்துவிட்டால் அழுத்தம் நிற்காது. ஹோஸுக்குத் தீத்தடுப்பு உறை போட்டு, எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். நிறுத்தியதும் எஞ்சினை மூடும் உறையான கவ்லிங்கின் ஆயில் கதவைத் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

சூடோ குளிரோ எப்போதும் குறைவு, மின்பம்ப் போட்டாலும் ஏறவில்லை என்றால் உறிஞ்சும் பக்கம்: ஃபில்டர், டேங்கின் காற்றுத்துளை, தளர்ந்த இணைப்பு. ஓட்டத்தை அளந்து பாருங்கள். முழு பலத்தில் இந்த எஞ்சின் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். பம்ப் தள்ளும் அமைப்பு அதில் 125 சதவீதம் தர வேண்டும் என்பது பழகிய கணக்கு. நிமிடத்துக்குச் சுமார் 560 மில்லி. கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, மூக்கை ஏற்றக் கோணத்துக்குத் தூக்கி வைத்து, அளவுக்குவளையில் பிடியுங்கள். வெளியிடத்தில் செய்யுங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஆயில் அழுத்தம்

3500-க்கு மேல் 2 முதல் 5 பார், அதற்குக் கீழே குறைந்தது 0.8. குளிர்ந்த எஞ்சினில் 7 வரை ஏறலாம். எழுப்பி 10 நொடிக்குள் அழுத்தம் வரவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

முள் திடீரென்று பூஜ்யத்துக்கோ உச்சிக்கோ குதித்து, ஆயில் வெப்பம் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் சென்சார். தரையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி உறுதிசெய்துகொள்ளலாம். ஆகாயத்தில் அப்படி நம்ப உரிமையில்லை, இறங்கிவிட வேண்டியதுதான்.

முள் நடுங்கினால் காற்று. இது தனி டேங்க் வைத்த அமைப்பு. பம்ப், டேங்கிலிருந்து கூலர் வழியே உறிஞ்சுகிறது. எஞ்சினுக்குள் கசியும் எரிவாயு அழுத்தமே ஆயிலைத் திரும்ப டேங்குக்குத் தள்ளுகிறது. ஆகவே உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். தரையில் சொட்டு இல்லை என்பதால் அங்கே பழுதில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஆயில் ஹோஸைக் கழற்றி மாட்டியவர்கள் முறையாகக் காற்றெடுக்காமல் எஞ்சினை எழுப்பினால் வால்வுகளை இயக்கும் டேப்பெட்டுகளுக்குள் காற்று புகுந்து கடகடவென்று அடிக்கும்.

டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டினால் உடனே ஊற்றாதீர்கள். சுவிட்சுகளை அணைத்து, டேங்க் மூடியைத் திறந்து, ப்ரொப்பெல்லரை அது ஓடும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். எஞ்சினில் தங்கிய ஆயில் முழுதும் திரும்பியதும் டேங்கில் 'களகள' சத்தம் கேட்கும். அப்போது பார்ப்பதுதான் உண்மையான மட்டம். கீழ்க்கோட்டுக்கும் மேல்க்கோட்டுக்கும் நடுவே 0.45 லிட்டர். எதிர்த்திசையில் சுற்றினால் காற்று உறிஞ்சப்படும்.

டேங்க் மூடிக்கு அடியில் பால்போல வெண்மை படிந்திருந்தால் ஆயில் போதிய சூடு ஏறவில்லை. நீர் ஆவியாக, பறக்கும் நாளில் ஒருமுறையாவது 100 டிகிரியைத் தொட வேண்டும். குளிர்காலத்தில் கூலரில் ஒரு பகுதிக்கு டேப் ஒட்டுவது இதற்காக. சாம்பல் நிறக் களி படிந்திருந்தால் அது ஈயம். ஈயம் கலந்த 100எல்எல் ஏவியேஷன் பெட்ரோலை அதிகம் பயன்படுத்துபவர்கள், எஞ்சின் ஓடும் 100 மணி நேரத்துக்குப் பதில் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும்.

எஞ்சின் சூடேறுகிறது

தரையில் நிற்கும்போது மட்டும் என்றால் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்புங்கள், பெரும்பாலும் பழுதில்லை. பறக்கும்போதும் ஏறினால், ரேடியேட்டரைச் சுற்றிக் கவ்லிங்கில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் அதன் வழியே தப்பிவிடும். கூலன்ட் வழிவுப் பாட்டிலின் மட்டம் மாறாமல், மேல் டேங்க் மட்டும் குறைந்துகொண்டே போனால் இடைக்குழாயில் கசிவு அல்லது மூடியின் ரப்பர் போய்விட்டது. ஆறும்போது திரவத்துக்குப் பதில் காற்றை இழுக்கிறது.

சார்ஜ் ஏறவில்லை

ஐட்லிங்கில் 13 வோல்ட்டுக்குக் கீழே போவது இயல்பு. உள்ளே இருக்கும் ஜெனரேட்டர் முழு வேகத்தில்தான் 250 வாட் தரும். 4000-இலும் ஏறவில்லை என்றால், ரெகுலேட்டருக்குப் போகும் இரண்டு மஞ்சள் வயரின் கனெக்டரைப் பாருங்கள். பழுப்பேறி உருகியிருந்தால் காரணம் கையில். 15-ஐத் தாண்டினால் 'சி' முனைக்கு வரும் வயரில் வோல்ட் குறைகிறதா என்று அளங்கள். பேட்டரி பட்டினி கிடப்பதாக நினைத்து ரெகுலேட்டர் அள்ளி ஊட்டுகிறது. ரெகுலேட்டருக்கும் 80 டிகிரி எல்லை உண்டு. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே இருக்கும் தடுப்புச்சுவரான ஃபயர்வாலில் எக்ஸாஸ்ட்டுக்கு மேலே மாட்டியிருந்தால் எத்தனை புதிது வாங்கினாலும் எரியும்.

கியர்பாக்ஸில் தட்டும் சத்தம்

எழுப்பும்போதும் அணைக்கும்போதும் ஒரு 'கடக்' இயல்பு. நிற்கும் ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் கிளட்சின் வடிவத்தைப் பொறுத்து 15 அல்லது 30 டிகிரி தளர்வாக ஆடும், அதுவும் இயல்பு. ஓடும்போது தட்டினால் முதலில் ஐட்லிங் வேகமும் சிங்கும், பிறகு ஆயிலில் வரும் இரும்புத்தூளைப் பிடிக்கும் காந்த பிளக். அதில் மசிபோல் ஒட்டியிருக்கும் இரும்புத்தூள் பயப்பட வேண்டியதல்ல. நகத்தில் சிக்கும் சில்லுகள் இருந்தால் ஆயில் ஃபில்டரையும் வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். அங்கேயும் இருந்தால் எஞ்சினை எழுப்ப வேண்டாம், கியர்பாக்ஸ் கழன்று பட்டறைக்குப் போகட்டும். சுத்தமாக இருந்தால் பிளக்கை 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, பாதுகாப்புக் கம்பி பின்னி, பார்த்த மணிக்கணக்கை லாக்புக்கில் எழுதி, 25 மணி கழித்து மறுபடி திறந்து பாருங்கள்.